மாறிவரும் மலைக் காடுகளும் வனவிலங்குகளும்

உத்தராகண்ட் மாநிலத்தின் மலைக் கிராமங்களில் செப்டம்பர் மாத இறுதியில் கேழ்வரகுக் கதிர்கள் முற்றத் தொடங்குகின்றன. அதுவரை பகலில் மட்டும் வயலுக்குச் சென்று வந்த குடும்பத்தினர், அந்நாள் முதல் அறுவடை முடியும்வரை இரவிலும் அங்கேயே தங்க வேண்டியவர்களாகின்றனர். பகலில் குரங்குகளும் இரவில் காட்டுப் பன்றிகளும் முள்ளம்பன்றிகளும் வயலுக்குள் புகுகின்றன. மக்காச்சோளம் பயிரிட்ட இடங்களில் கருங்கரடியும் வருவதுண்டு. தகரத்தைத் தட்டியும், தீப்பந்தம் காட்டியும், உரக்கக் கூவியும் அவற்றை விரட்டுவது தலைமுறை தலைமுறையாக நடந்து வருவதே. புதிதாக நேர்ந்திருப்பது வேறொன்று. விரட்டுவதற்கு ஆட்கள் குறைந்து விட்டனர். விலங்குகள் வந்து தங்குவதற்கான புதர்கள் வீட்டுக் கொல்லைவரை வளர்ந்து விட்டன.

2000ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் தனி மாநிலமாக உருவான உத்தராகண்டின் பரப்பு 53,483 சதுர கிலோ மீட்டர். இதில் ஏறத்தாழ 71 சதவீதம் அரசு ஆவணங்களில் வனநிலம் எனப் பதிவாகியுள்ளது. பனிமலைகளையும் பாறைகளையும் புல்வெளிகளையும் கழித்துவிட்டால், உண்மையில் மரங்கள் நிற்கும் பரப்பு மாநிலத்தின் 45 சதவீத அளவிலேயே உள்ளது. நாட்டின் சராசரியோடு ஒப்பிடுகையில் இதுவே மிக உயர்ந்த விகிதம். ஆயினும் ‘எவ்வளவு காடு?’ என்ற கேள்வியைக் காட்டிலும் ‘எந்தக் காடு?’ என்ற கேள்வியே இம்மலைகளில் வாழும் விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் முக்கியமானது. வரைபடத்தில் பச்சை நிறம் ஒன்றேயெனினும் ஓக் மரக் காடும் பைன் மரக் காடும் ஒன்றல்ல.

ஓக் மரமும் பைன் மரமும்

கட்வால், குமாவோன் மலைகளில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலிருந்து ‘சீட்’ எனப்படும் பைன் மரங்கள் தொடங்குகின்றன. 1,500 மீட்டரிலிருந்து 2,300 மீட்டர் வரை ‘பாஞ்ச்’ எனப்படும் ஓக் மரத்தின் இயற்கையான இருப்பிடம். அதற்கு மேலே திலோஞ்ச், கர்சு ஆகிய பிற ஓக் வகைகள் வளர்கின்றன. ஓக் காட்டின் அடியில் தடித்த இலைமட்கு படிந்திருக்கும். மழைநீர் அதில் ஊறி மெல்ல இறங்கிச் சுனைகளாக வெளிப்படும். புதர்களும் செடிகொடிகளும் நிழலில் செழித்திருக்கும். மலைவாழ் பெண்களுக்கு ஓக் மரம் கால்நடைத் தீவனம், விறகு, வயலுக்கு உரம் ஆகிய மூன்றையும் தரவல்லது. பைன் மரம் தருவது மரக்கட்டையும் பிசினும். அதன் ஊசியிலைகளைக் கால்நடைகள் உண்பதில்லை. ‘பிரூல்’ எனப்படும் அச்சருகு தரையை மூடிப் புல்லை வளரவொட்டாமல் தடுப்பதோடு, கோடையில் ஒரு தீப்பொறி பட்டாலும் பற்றிக் கொள்கிறது.

பைன் பரவியதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் ரயில் பாதைக்கான கட்டைகளுக்கும், டர்பெண்டைன் எண்ணெய்க்கான பிசினுக்கும் பைன் மரம் வணிக மதிப்புப் பெற்றது. 1911க்கும் 1917க்கும் இடையே குமாவோன் மலைகளின் பெரும்பகுதி ஒதுக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டு, மேய்ச்சலும் விறகெடுப்பும் கட்டுப்படுத்தப்பட்டன. மக்களின் எதிர்ப்பு 1921இல் காடுகளுக்குத் தீ வைக்கும் அளவிற்கு முற்றியது. அதே ஆண்டில் குறைகேட்கும் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1931இல் கிராமத்தாரே தமது காட்டை நிர்வகிக்கும் ‘வனப் பஞ்சாயத்து’ முறை தோன்றியது. இன்றும் பதினோராயிரத்திற்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் அம்மாநிலத்தில் உள்ளன. விடுதலைக்குப் பின்னரும் வணிகநோக்கில் மரம் வெட்டுதல் தொடர்ந்ததன் விளைவே 1973இல் மண்டல் கிராமத்தில் தொடங்கி, 1974இல் ரேணி கிராமத்தில் கௌரா தேவி தலைமையில் பெண்கள் முன்னின்று நடத்திய சிப்கோ இயக்கம். 1981இல், 1,000 மீட்டர் உயரத்திற்கு மேல் பச்சை மரங்களை வணிகத்திற்காக வெட்டுவதற்குத் தடை விதிக்கப்பட்டது.

எனினும் பழியனைத்தையும் அந்நியர் மீதும் ஒப்பந்தக்காரர் மீதும் சுமத்துவது நியாயமாகாது. ஆண்டுதோறும் தீவனத்திற்காகக் கிளை கழிக்கப்பட்ட ஓக் மரம் குறைவாகவே காய்க்கிறது; அதன் நாற்றுகள் ஆடுமாடுகளின் வாய்க்குத் தப்புவது அரிது. புல் துளிர்க்க வேண்டுமெனக் கோடையில் பைன் சருகுக்குக் கிராமத்தினர் வைக்கும் தீ, சில வேளைகளில் ஓக் காட்டின் விளிம்பையும் கருக்கி விடுகிறது. தடித்த பட்டையுடைய பைன் மரம் தீயைத் தாங்கி நிற்கும். ஓக் நாற்றுக்கு அவ்வலிமை இல்லை. இவ்வாறு வெட்டப்பட்டும் எரிந்தும் திறந்த இடங்களில் பைன் காலூன்றி மேலேறுகிறது. 1995, 1999, 2016, 2021, 2024 ஆகிய ஆண்டுகளின் பெருந்தீக்களை இம்மலைகள் மறக்கவில்லை.

விலங்குகளின் நிலை

இம்மாற்றம் முதலில் உணரப்படுவது விலங்குகளின் வயிற்றில்தான். இமாலயக் கருங்கரடி இலையுதிர்காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும் ஓக் கொட்டைகளைத் தின்று உடலில் கொழுப்பைச் சேர்த்துக் கொள்கிறது. கடுங்குளிர்க் காலத்தை மரப்பொந்திலோ பாறைக் குகையிலோ கழிப்பதற்கு அக்கொழுப்பே முதல். கொட்டை குறைந்த ஆண்டில் அது மக்காச்சோளக் கொல்லையையும் பழத்தோட்டத்தையும் நாடுகிறது. புல்லறுக்கச் செல்லும் பெண்களும் கரடியும் ஒரே சரிவில், ஒரே பருவத்தில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் இருக்க நேர்வதே பெரும்பாலான தாக்குதல்களுக்குக் காரணம். கரடி மனிதனை உண்பதற்காகத் தாக்குவதில்லை. திடீரெனக் கண்ட அச்சத்தால் பாய்கிறது. ஆனால் முகத்தையும் தலையையும் அது சிதைக்கும் விதம், உயிர் பிழைத்தவர்க்கும் வாழ்நாள் முழுவதும் ஆறாத வடுவாகி விடுகிறது.

காட்டுப் பன்றியோ எந்தச் சூழலிலும் பிழைத்துக் கொள்ளும் விலங்கு. ஓர் ஈற்றில் பல குட்டிகளை ஈனும். கைவிடப்பட்ட படி வயல்களில் மண்டும் உண்ணிச்செடியும் ‘காலா பான்சா’ எனப்படும் அயல்நாட்டுப் புதரும் அதற்குப் பகலில் மறைவிடமாகின்றன. ஓர் இரவில் ஒரு பன்றிக் கூட்டம் தின்பதைவிடக் கிளறியும் மிதித்தும் பாழாக்குவது அதிகம். உருளைக்கிழங்கு வயலைக் காலையில் காண்போர், ஏர் உழுது விட்டதாகவே எண்ணுவர். குரங்குகளைப் பொறுத்தவரை, சமவெளி நகரங்களில் பிடிக்கப்பட்டவை மலைப்பாதைகளில் விடப்படுகின்றன என்ற புகார் மலை மக்களிடையே பரவலாக உண்டு. அது எந்த அளவிற்கு உண்மையாயினும், யாத்திரைப் பாதைகளில் பயணிகள் எறியும் உணவு குரங்குகளைச் சாலையோரத்திற்குப் பழக்கியுள்ளது என்பதில் ஐயமில்லை.

சிறுத்தையின் கதை சற்று நீண்டது. கேளையாடு, கோரல், கடமான், லங்கூர் குரங்கு முதலியவை அதன் இயற்கையான இரை. இவை கிடைக்காவிடில் நாயும் ஆடும் போதும். புதர் மூடிய பாழ்வயல் வீட்டு வாசல்வரை வந்துவிட்ட கிராமத்தில் சிறுத்தை காட்டைவிட்டு வெளியே வருவதாகச் சொல்வது பொருந்தாது. காடே அதனோடு வந்துவிட்டது. 1918 முதல் 1926 வரை ருத்ரபிரயாகைப் பகுதியில் 125 பேரைக் கொன்றதாக அரசுப் பதிவேடுகளில் கண்ட சிறுத்தையை 1926 மே மாதம் சுட்டு வீழ்த்திய ஜிம் கார்பெட், அது மனித மாமிசத்தில் சுவை கண்டதற்கு 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலே காரணமெனக் கருதினார். இறந்தோரை முறைப்படி எரிப்பதற்கு ஆளின்றிப் பள்ளத்தாக்கில் தள்ளிய காலம் அது. மனித சமுதாயத்தில் ஏற்படும் குலைவு விலங்கின் நடத்தையையும் மாற்றிவிடும் என்ற அவரது கருத்து நூறாண்டுக்குப் பின்னரும் சிந்திக்கத் தக்கதே.

2022ஆம் ஆண்டிற்கான மதிப்பீட்டின்படி நம் நாட்டில் 13,874 சிறுத்தைகள் உள்ளன. இம்மதிப்பீடு முக்கியமாகப் புலிகள் வாழும் காடுகளைச் சார்ந்தது; உயர்ந்த இமாலயப் பகுதிகள் இதில் அடங்கவில்லை. அதாவது, மலைக்கிராமத்து மக்களை அச்சுறுத்தும் சிறுத்தைகளில் பல கணக்கிற்கு வெளியே நிற்பவை. இதற்கு மாறாக, மரங்கள் முடியும் உயரத்திற்கு அப்பால் வாழும் பனிச்சிறுத்தைகளின் கணக்கு தெளிவாகக் கிடைத்துள்ளது. 2019 முதல் 2023 வரை நடைபெற்று 2024 ஜனவரியில் வெளியான முதல் நாடளாவிய மதிப்பீட்டில் 718 பனிச்சிறுத்தைகள் கண்டறியப்பட்டன. லடாக்கில் 477, உத்தராகண்டில் 124, இமாசலப் பிரதேசத்தில் 51. எஞ்சியவை அருணாசலப் பிரதேசம், சிக்கிம், ஜம்மு-காஷ்மீர் ஆகியவற்றில் உள்ளன.

காவல் என்னும் செலவு

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு ஓர் அபூர்வமான உண்மையை வெளிப்படுத்தியது. முந்தைய பத்தாண்டுகளில் நாடெங்கும் மக்கள்தொகை பெருகிய வேளையில், பௌரி கட்வால், அல்மோரா ஆகிய இரு மாவட்டங்களில் அது குறைந்திருந்தது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட கிராமங்கள் ஆளற்றவை எனப் பதிவாயின. 2017இல் அமைக்கப்பட்ட மாநிலப் புலம்பெயர்வு ஆணையம் மறு ஆண்டில் அளித்த அறிக்கை, 2011க்குப் பின் மேலும் 734 கிராமங்கள் குடியற்றுப் போயினவென்று தெரிவித்தது. வேலை, கல்வி, மருத்துவம் ஆகியவையே மக்கள் வெளியேறுவதற்கு முதன்மைக் காரணங்கள். வனவிலங்குகளால் பயிரிழப்பும் காரணங்களுள் ஒன்றாக அவ்வறிக்கையில் இடம்பெற்றது.

இங்கே காரணமும் விளைவும் ஒன்றையொன்று துரத்துகின்றன. ஒரு கணக்கைக் கொண்டு இதனை விளக்கலாம். தொடர்ச்சியான படி வயல்களையுடைய ஒரு கிராமத்தில் 40 குடும்பங்கள் உள்ளன எனக் கொள்வோம். கதிர் முற்றும் 60 இரவுகளுக்கு, இரவுக்கு இருவர் வீதம் காவல் இருந்தால் மொத்தம் 120 ஆள் இரவுகள் தேவை. குடும்பத்திற்கு மூன்று இரவுகள் மட்டுமே. முப்பது குடும்பங்கள் வெளியேறியபின் எஞ்சிய பத்துக் குடும்பங்களுக்குத் தலைக்குப் பன்னிரண்டு இரவுகளாகும் என்று தோன்றும். உண்மை அதனினும் கொடியது. இடையிடையே தரிசு விழுந்தமையால் பயிர் நிலம் நான்கு துண்டுகளாகச் சிதறிவிடுகிறது; நான்கு இடங்களில் காவல் வேண்டும். ஒரு குடும்பம் 48 இரவுகள் விழித்திருக்க வேண்டியதாகிறது. விளையும் கேழ்வரகின் விலை அவ்வுழைப்பின் கூலிக்கு ஈடாகாது. ஆகவே முப்பத்தொன்றாவது குடும்பமாகப் பத்தில் ஒன்றும் விதைப்பதை நிறுத்துகிறது. மற்றவரின் சுமை மேலும் கூடுகிறது. விலங்குகள் தின்ற தானியத்தை மட்டுமே இழப்பாகக் காட்டும் எந்தப் புள்ளிவிவரத்திலும், விதைக்காமல் விடப்பட்ட நிலமும் உறங்காமல் கழிந்த இரவும் இடம்பெறுவதில்லை.

‘பாரா அனாஜ்’ எனும் முறையில் கேழ்வரகுடன் தண்டுக்கீரைத் தானியம், ராஜ்மா, உளுந்து, கொள்ளு முதலிய பன்னிரு தானியங்களைக் கலந்து விதைத்தவர்கள் இம்மக்கள். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் இம்முறை மழைக்கும் வறட்சிக்கும் எதிரான காப்பீடாக விளங்கியது. பன்றிக்கு எதிராக அது பயன்படவில்லை. இன்று பல கிராமங்களில் குரங்கும் பன்றியும் அவ்வளவாக நாடாத மஞ்சள், இஞ்சி, மிளகாய், எலுமிச்சைப்புல் ஆகியவற்றிற்கு மாறும்படி விவசாயிகளுக்கு ஆலோசனை கூறப்படுகிறது. வருவாய் நோக்கில் இது தவறன்று. ஆனால் வீட்டு உணவிற்கான தானியத்தைக் கடையில் வாங்க வேண்டிய நிலையும் இதனுடன் வருகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சட்டமும் இழப்பீடும்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையால் அழிந்து கொண்டிருந்த பல உயிரினங்களை மீட்டது. கஸ்தூரி மானைக் காக்கக் கேதார்நாத் சரணாலயம் அதே ஆண்டில் ஏற்பட்டது. நந்தா தேவி தேசியப் பூங்கா 1982இல் உருவாயிற்று. சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள சிறுத்தை போன்ற விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டதெனத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் முடிவு செய்தால், அதனைப் பிடிக்கவோ, வேறு வழியில்லையெனில் கொல்லவோ எழுத்து மூலம் ஆணையிடலாம். பயிரை அழிக்கும் விலங்கைக் குறிப்பிட்ட பகுதிக்கும் காலத்திற்கும் ‘தீங்குயிரி’ என அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளது. 2016 பிப்ரவரியில் உத்தராகண்டின் காட்டுப் பன்றிகள் ஓராண்டிற்கு அவ்வாறு அறிவிக்கப்பட்டன. ஆனால் செங்குத்தான சரிவில், நள்ளிரவில், புதருக்குள்ளிருக்கும் பன்றியைச் சுடுவதற்கு உரிமம் பெற்ற துப்பாக்கியும் தேர்ந்த கையும் வேண்டுமே! இளைஞர்கள் ஊரில் இல்லாதபோது அனுமதி ஆணை மட்டும் பயிரைக் காத்துவிடாது.

குரங்கு தொடர்பான சட்டநிலையும் மாறியுள்ளது. 2022ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி சாதாரணச் செம்முகக் குரங்கு பாதுகாப்பு அட்டவணைகளிலிருந்தே நீக்கப்பட்டது. இது 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. எனினும் குரங்கைக் கொல்ல மலைமக்களில் பலர் சமய உணர்வு காரணமாக முன்வருவதில்லை. அண்டை மாநிலமான இமாசலப் பிரதேசம் ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட குரங்குகளுக்குக் கருத்தடை செய்துள்ளது. இது பலன் தருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும் பணி. ஆப்பிள் தோட்டக்காரரின் பொறுமை அவ்வளவு நீண்டதன்று.

வனவிலங்குத் தாக்குதலில் உயிரிழப்போர் குடும்பத்திற்கு மத்திய அரசின் திட்டங்களின் கீழ் வழங்கப்படும் கருணைத் தொகை 2018இல் 2 லட்சம் ரூபாயிலிருந்து 5 லட்சமாகவும், 2023 டிசம்பரில் 10 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. பயிரிழப்பிற்கான ஈட்டுத்தொகையைப் பெறுவதில்தான் இடர்ப்பாடு மிகுதி. மலை நிலம் பெரும்பாலும் பாட்டனார் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும். பங்காளிகளில் ஒருவர் டில்லியிலும் மற்றொருவர் டேராடூனிலும் வசிப்பர். உழுபவர் மூன்றாமவராக இருப்பார். எவர் பெயரில் விண்ணப்பிப்பது என்ற கேள்விக்கே விடை கிடைக்காத நிலையில் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. சிறுத்தையும் கரடியும் நாட்டின் பொதுச் செல்வம். அவற்றால் கிடைக்கும் நன்மை அனைவருக்கும் உரியது. அச்செல்வத்தைப் பேணும் செலவில் பெரும் பங்கு மட்டும் சில ஆயிரம் குடும்பங்களின் கணக்கில் எழுதப்படுகிறது. ஈட்டுத்தொகையைத் தருமமாகக் கருதும் மனப்பான்மை அலுவலகங்களில் நீடிக்கும்வரை இக்கணக்கு நேராகாது.

மேற்கொள்ளப்பட்ட சில முயற்சிகள்

சிறுத்தையைக் கூண்டில் பிடித்துத் தொலைவிலுள்ள காட்டில் விட்டுவிட்டால் தொல்லை தீருமென்பது பொதுவான எண்ணம். மகாராஷ்டிர மாநிலத்தின் ஜுன்னார் பகுதியில் 2001க்குப் பின் இவ்வாறு பல சிறுத்தைகள் இடம் மாற்றப்பட்டன. மனிதர் மீதான தாக்குதல்கள் குறைவதற்கு மாறாகக் கூடின என்பதை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துக்காட்டினர். பழகிய இடத்தை இழந்த விலங்கு அறியாத நிலத்தில் மேலும் ஆபத்தானதாகிறது. காலியான இடத்திற்கு வேறொரு சிறுத்தை வந்து விடுகிறது. 2011இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இப்பழக்கத்தை ஊக்குவிக்கவில்லை.

இதற்கு மாறானதொரு வழியை இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் காணலாம். அங்குள்ள கிப்பர் கிராமத்தினர், வனவுயிர் ஆய்வாளர்களின் துணையுடன், 2002இல் பனிச்சிறுத்தைகளால் ஏற்படும் கால்நடை இழப்பிற்குத் தமக்குள்ளேயே ஒரு காப்பீட்டு நிதியை ஏற்படுத்திக் கொண்டனர். கால்நடை உரிமையாளர் தவணை செலுத்துவார். இறந்த விலங்கு உண்மையில் பனிச்சிறுத்தைக்கு இரையானதா என்பதைக் கிராமக் குழுவே தீர்மானிக்கும். பக்கத்து வீட்டார் கண்முன் பொய்க் கணக்கு எழுதுவது எளிதன்று. ஆகவே விசாரணைச் செலவும் காலதாமதமும் குறைந்தன. சிறிய ஊர், ஒரே தொழில், அனைவரும் உறவினர் என்ற சூழலில் நடைபெறும் ஏற்பாட்டை எல்லா இடத்திற்கும் பொருத்திவிட இயலாதெனினும், பல்லாயிரம் வனப் பஞ்சாயத்துகளைக் கொண்ட கட்வால், குமாவோன் பகுதிகளில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே உள்ளது.

உத்தராகண்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழும் பிற திட்டங்களின் கீழும் பல கிராமங்களில் பன்றித் தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தொடர்ச்சியாகக் கட்டப்பட்ட இடங்களில் அவை பயன் தந்தன. ஒரு குடும்பத்தின் வயலுக்கு மட்டும் கட்டிய சுவர், பன்றியை அடுத்த வயலுக்கு அனுப்பி வைத்தது. 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘கஸ்யாரி’ நலத் திட்டம், பதப்படுத்திக் கட்டிய பசுந்தீவனத்தை மானிய விலையில் கிராமங்களுக்கே கொண்டு சேர்ப்பதை நோக்கமாகக் கொண்டது. புல்லறுக்கும் பெண்களை மலைமொழியில் கஸ்யாரி என்பர். பெண்களின் சுமையைக் குறைப்பதே திட்டத்தின் நோக்கமாயினும், அவர்கள் கரடி வாழும் சரிவிற்குச் செல்லும் நாட்களைக் குறைப்பதும், ஓக் மரத்திற்குக் கிளை வளர அவகாசம் அளிப்பதும் இதன் உடன்விளைவுகளாக அமையக்கூடும். பைன் சருகைக் கிராமத்தாரிடமிருந்து விலைக்கு வாங்கி எரிகட்டிகளாக மாற்றும் முயற்சியும் நடைபெறுகிறது. சருகு அகன்றால் தீ குறையும். தீ குறைந்தால் ஓக் நாற்று தலையெடுக்கும். ஓர் ஓக் நாற்று கொட்டை காய்க்கும் மரமாவதற்குப் பல்லாண்டுகள் ஆகும் என்பதால், இன்றைய கரடிக்கு இதனால் பயனில்லை.

மனிதர்–வனவிலங்கு மோதலைத் தணிப்பதற்கான தேசியச் செயல்திட்டம் ஒன்றை 2021 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்டது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குகளால் ஏற்படும் இழப்பை மாநிலங்கள் விரும்பினால் சேர்த்துக் கொள்ளலாம் என்ற ஏற்பாடு 2018ஆம் ஆண்டின் நெறிமுறைகளிலேயே இருந்தது, அது பரவலாகவில்லை. 2025 நவம்பரில், 2026 காரிஃப் பருவம் முதல் இவ்விழப்பைத் தனியொரு கூடுதல் காப்பாக ஏற்பதென அறிவிக்கப்பட்டது. எந்தெந்த விலங்குகள், எந்தெந்த மாவட்டங்கள் என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். பயிரிழந்த விவசாயி 72 மணி நேரத்திற்குள், இடக்குறிப்புடன் கூடிய படங்களைக் கைப்பேசிச் செயலி வழியாக அனுப்ப வேண்டும். முதியவர்கள் மட்டுமே எஞ்சியுள்ள ஒரு மலைக்கிராமத்தில், தொலைத்தொடர்பு அலை கிடைக்கும் முகட்டிற்கு ஏறிச் சென்று அப்படத்தை அனுப்பும் பணியை வனப் பஞ்சாயத்தின் செயலரோ அஞ்சலகப் பணியாளரோ ஏற்கலாமா என்பதை, கேழ்வரகு முற்றும் செப்டம்பருக்கு முன்னரே மாவட்ட நிர்வாகங்கள் முடிவு செய்தாக வேண்டும்.